900 மி.மீ. தண்ணீர், 38 டிகிரி கோணம், லோ ரேஞ்ச் கியர்... சொகுசு எஸ்யூவி-யின் இந்த எண்களுக்கு என்ன அர்த்தம்? ஏலகிரி, ஜவ்வாது மலைப் பாதையில் எந்த அளவுக்கு உதவும்?

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கம் சிப்காட்டில் டாடா மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார் ஆலைக்கு 2024 செப்டம்பர் 28-ஆம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 9,000 கோடி ரூபாய் முதலீடு, சுமார் 5,000 பேருக்கு வேலை, படிப்படியாக ஆண்டுக்கு 2.5 லட்சம் வாகனங்கள் என்பது அறிவிக்கப்பட்ட திட்டம். டாடா வாகனங்களோடு ஜாகுவார் லேண்ட்ரோவர் சொகுசு கார்களும் இங்கே தயாராகும் என்றதும்தான் செய்தி பெரிதானது. தோல், ஷூ, டேனரி என்று அறியப்பட்ட வேலூர் - ஆம்பூர் - ராணிப்பேட்டை வட்டாரத்தில், உலகின் விலை உயர்ந்த எஸ்யூவி பிராண்டு ஒன்றின் பெயரும் சேர்ந்துகொண்டது.

லேண்ட்ரோவர் என்றாலே மலை, சேறு, ஆறு என்றுதான் விளம்பரம் இருக்கும். அந்த மூன்றுக்கும் இந்த வட்டாரத்தில் குறைவில்லை. ஜோலார்பேட்டை ஜங்ஷனில் இறங்கினால் பக்கத்திலேயே ஏலகிரி, கொஞ்சம் தள்ளி ஜவ்வாது மலை, வடக்கே பாலாறு. அப்போ அந்த விளம்பர எண்களை இங்கேயே வைத்துப் பார்த்தால் என்ன? இந்த நிறுவனத்தின் வண்டிகளில் ஆஃப்-ரோடுக்கு அதிகம் பேசப்படும் டிஃபெண்டர் 110 மாடலை எடுத்துக்கொள்ளலாம். (இது பனப்பாக்கம் தயாரிப்பு இல்லை, ஸ்லோவாக்கியா நாட்டின் நிட்ரா ஆலையில் தயாராகி வருவது.)

விவசாயிக்காகப் பிறந்த வண்டி

இன்று ஒரு கோடி ரூபாயைச் சுற்றி விற்கும் இந்த வண்டியின் தாத்தா, ஒரு பண்ணை வண்டி. இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் பகுதியின் ஆங்கிள்சி தீவில் இருந்த தன் பண்ணையில் பழைய ராணுவ ஜீப் ஒன்றை ஓட்டிவந்தார். அதற்கு மாற்றாக ஒரு வண்டியை அங்கிருந்த கடற்கரை மணலில் வரைந்து காட்டினார் என்பது அந்த நிறுவனம் இன்றும் சொல்லும் கதை. 1948 ஏப்ரல் 30-ல் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் முதல் லேண்ட்ரோவர் வந்தது. போருக்குப் பின் இரும்புத் தகட்டுக்குக் கடும் தட்டுப்பாடு. அதனால்தான் அலுமினிய உடல். பின்னாளில் அதுவே அந்த வண்டியின் அடையாளம் ஆனது.

பழைய டிஃபெண்டரின் தயாரிப்பு 2016 ஜனவரி 29-ல் நின்றது. புதிய டிஃபெண்டர் 2019 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் அறிமுகமாகி, 2020 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்தது. இடையில், 2008-ல், ஃபோர்டு நிறுவனத்திடம் இருந்து ஜாகுவார் லேண்ட்ரோவரை 230 கோடி டாலருக்கு டாடா வாங்கியிருந்தது.

38 டிகிரி என்றால் 38 டிகிரி மேட்டில் ஏறும் என்று அர்த்தமா?

இல்லை. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் எண் இதுதான். முன் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து பம்பரின் அடிப்பகுதிக்கு ஒரு கோடு இழுத்தால், தரைக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே வரும் கோணம். அணுகு கோணம் என்று சொல்லலாம். 38 டிகிரி வரை செங்குத்தாக நிற்கும் ஒரு கரையின் மீது, பம்பர் இடிக்காமல் முன் டயரை வைக்கலாம் என்பது மட்டுமே இதன் பொருள். ஏற முடியுமா என்பதை டயரின் பிடிப்பும் இன்ஜினும் முடிவு செய்யும்.

பின்பக்கமும் இதே கணக்குதான். டிஃபெண்டரில் அது 40 டிகிரி. வயல் வரப்பு மாதிரி ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது வண்டியின் வயிறு தட்டாமல் இருக்க வேண்டிய நடுக்கோணம் 28 டிகிரி.

இந்த எண்கள் எல்லாம் ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்கு, அதுவும் அதை உயர்த்தி வைத்த நிலையில். சாதாரணமாக ஓடும்போது இருக்கும் உயரத்தில் இருந்து 75 மி.மீ. மேலே தூக்கினால் தரை இடைவெளி 291 மி.மீ. ஆகும். ஏறக்குறைய ஓர் அடி. வண்டி கல்லில் உட்கார்ந்துவிட்டால், அவசரத்துக்கு இன்னும் 70 மி.மீ. தூக்கிக் கொடுக்கும். ஷோரூமில் விற்பனையாளர் 291 என்று சொல்லும்போது, "எந்த சஸ்பென்ஷன்ல?" என்று திருப்பிக் கேட்பது நல்லது.

நம்மூர் வண்டிகளோடு ஒப்பிட்டால் சுவாரஸ்யமான ஒன்று தெரியும். மாருதி ஜிம்னியின் அணுகு கோணம் 36 டிகிரி. மஹிந்திரா தாரில் அது 41 டிகிரியைத் தாண்டும். அதாவது, கோணத்தை மட்டும் பார்த்தால், பல மடங்கு குறைந்த விலையில் வரும் வண்டிகள் டிஃபெண்டருக்குச் சளைத்தவை இல்லை. கூடுதல் பணம் போவது வேறு இடங்களுக்கு.

அந்தப் பணம் எங்கே போகிறது?

முதலில், கியர் அமைப்பு. டிஃபெண்டரில் வழக்கமான எட்டு கியர்களோடு 'லோ ரேஞ்ச்' என்ற இரண்டாவது தொகுப்பும் உண்டு. அதைப் போட்டால் சக்கரத்துக்குப் போகும் திருப்புவிசை கிட்டத்தட்ட மூன்று மடங்காகும்; வேகம் அதே அளவுக்குக் குறையும். சைக்கிளில் மேடு ஏறும்போது பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றுவது போலத்தான். கல்லும் குழியுமான பாதையில் வண்டி நடை வேகத்தில், ஆக்ஸிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஊர்ந்து போக இது வேண்டும். ஆனால் இதுவும் சொகுசு வண்டிக்கு மட்டும் சொந்தமில்லை. தார், ஜிம்னியின் நான்கு சக்கர இயக்க வண்டிகளிலும் லோ ரேஞ்ச் இருக்கிறது.

விலை வித்தியாசம் உண்மையில் தெரிவது மின்னணுவில்தான். ஒரு சக்கரம் சேற்றில் சுழன்றால், பிடிப்பு இருக்கும் சக்கரத்துக்கு விசையைத் திருப்ப, நடு டிஃபரன்ஷியலையும் பின் டிஃபரன்ஷியலையும் வண்டியே பூட்டிக்கொள்ளும். புல், மணல், சேறு, பாறை என்று ஓட்டுநர் தரையின் வகையைத் தேர்வு செய்தால், ஆக்ஸிலரேட்டர், கியர், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் அதற்கேற்ப மாறும். 'டெரெய்ன் ரெஸ்பான்ஸ்' என்ற இந்த ஏற்பாடு 2004-ல் டிஸ்கவரி 3 மாடலில் முதலில் வந்தது. அனுபவம் இல்லாதவரையும் ஓரளவு அனுபவசாலி போல ஓட்ட வைக்கும். இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது: தெரியாதவருக்கும் தைரியம் வந்துவிடும்.

இன்ஜினைப் பொறுத்தவரை குறையில்லை. டி350 வகையில் 3 லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல். 350 குதிரைத்திறன், 700 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை. 2024-ல் வந்த 'ஆக்டா' வகை இன்னொரு உலகம். 4.4 லிட்டர் வி8 பெட்ரோல் இன்ஜின், 635 குதிரைத்திறன். சுமார் 4 விநாடிகளில் 100 கி.மீ. வேகம். அறிமுக விலை 2.65 கோடி ரூபாயில் தொடங்கியது. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அந்த 4 விநாடி ஒரு சந்தோஷம். மலை ஏறும்போது அதற்கு வேலையே இல்லை. அங்கே இரண்டாவது வளைவுக்கு முன்பே எதிரே பஸ் வந்து நிற்கும்.

ஏலகிரியின் 14 வளைவுகளில் என்ன ஆகும்?

பொன்னேரியில் தொடங்கும் ஏலகிரி மலைச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயர்களைத் தாங்கி நிற்கும் வளைவுகள். சாலை தார்ச்சாலைதான், ஆஃப்-ரோடு திறனே தேவையில்லை. ஒரு ஹேட்ச்பேக் கார் தாராளமாக ஏறிவிடும். இங்கே சோதனைக்கு உள்ளாவது வண்டியின் உருவம்.

டிஃபெண்டர் 110, பின்னால் தொங்கும் ஸ்டெப்னியோடு சேர்த்து 5 மீட்டர் நீளம். பக்கக் கண்ணாடிகளை விரித்தால் அகலம் 2.1 மீட்டர். முழு வட்டமாகத் திரும்ப ஏறத்தாழ 12.8 மீட்டர் இடம் கேட்கும். ஜிம்னிக்கு 11.4 மீட்டர் போதும். எதிரே பஸ் இறங்கும்போது இந்த ஒன்றரை மீட்டர் பெரிய விஷயம். வேடிக்கை என்னவென்றால், டிஃபெண்டரைவிடப் பெரிய சொகுசு வண்டியான ரேஞ்ச் ரோவர் 11 மீட்டருக்குள் திரும்பிவிடும். 2021-ல் வந்த தலைமுறையில் பின் சக்கரங்களும் 7 டிகிரி வரை திரும்பும். குறைந்த வேகத்தில் முன் சக்கரங்களுக்கு எதிர்த் திசையில். அதனால்தான் பெரிய உடம்பு சின்ன வளைவில் மடங்குகிறது.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கவனிக்க வேண்டியது. டிஃபெண்டரின் எடை சுமார் 2,300 கிலோ. ஜிம்னியின் எடையைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இவ்வளவு எடையை வெறும் பிரேக்கை மிதித்தபடியே கீழே இறக்கினால், பிரேக் சூடாகி, ஒரு கட்டத்தில் பிடிப்பு குறையும். "ஏறுன கியர்லயே இறங்கு" என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் பழைய பாடம். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால், 'டி'-யில் விட்டுவிடாமல் கியரைக் கையால் குறைத்து இறங்க வேண்டும். கரடுமுரடான சரிவில் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் 'ஹில் டிசென்ட் கன்ட்ரோல்' வசதியை லேண்ட்ரோவர் 1997-ல் ஃப்ரீலேண்டர் மாடலில் கொண்டுவந்தது. இப்போது பல சாதாரண எஸ்யூவிகளிலும் அது கிடைக்கிறது.

மணலிலும் சேற்றிலும் டயர்தான் முதலாளி

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணல் ஆறு. மணலில் 635 குதிரைத்திறனும் சக்கரத்தைச் சுழல வைத்து, வண்டியை இன்னும் ஆழமாகப் புதைக்கத்தான் உதவும். அங்கே உதவுவது காற்றைக் குறைப்பது. 35 பிஎஸ்ஐ காற்று உள்ள டயரை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால், டயர் தரையில் நீளமாகப் படியும், எடை பரவும், புதைவது குறையும். திரும்பவும் தார்ச்சாலைக்கு வரும்போது காற்று நிரப்பியே ஆக வேண்டும். இல்லையென்றால் டயர் சூடேறி வெடிக்கும். காற்றடிக்கும் சிறு பம்பு வண்டியில் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

இதில் சொகுசு எஸ்யூவிகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. பார்க்க அழகாக இருக்க 22, 23 அங்குல வீல்களை மாட்டுகிறார்கள். வீல் பெரிதானால், ரப்பர் சுவரின் உயரம் குறையும். காற்றைக் குறைக்க இடமிருக்காது. கூரான கல்லில் அடித்தால் வீலே வளையும். டிஃபெண்டரில் 18 அங்குல வீலும் 255/70 டயரும் இருக்கும் வகைதான் காட்டுக்குச் சரி. ஷோரூமில் அது கொஞ்சம் ஏழை மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

உண்மையாகவே மாட்டிக்கிட்டா? டிஃபெண்டரின் இழுவைக் கொக்கிகள் 6.5 டன் விசை வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. கொக்கி தாங்கும், இழுக்க ஊர் டிராக்டர் வர வேண்டும்.

இருக்கை பற்றியும் ஒரு வார்த்தை, இது தோல் தொழில் பூமி என்பதால். சேற்றுக் காலோடு ஏற வேண்டிய டிஃபெண்டருக்கு தோல் இல்லாத, தேய்மானம் தாங்கும் துணி இருக்கைகளும், கழுவித் துடைக்கக்கூடிய ரப்பர் தரையும் உண்டு. ரேஞ்ச் ரோவர் வெலார் 2017-லேயே தோலுக்குப் பதில் கம்பளி கலந்த துணி இருக்கையை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. 'சொகுசு என்றால் தோல்' என்ற கணக்கு மெல்ல மாறிக்கொண்டிருக்கிறது.

900 மி.மீ. தண்ணீர்: உயிருக்கு உலை வைக்கக்கூடிய எண்

டிஃபெண்டர் 900 மி.மீ. ஆழத் தண்ணீரைக் கடக்கும் என்கிறது நிறுவனம். பெரியவர் ஒருவரின் இடுப்பளவு. தாருக்கு இது 650 மி.மீ. எண்கள் உண்மைதான். ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் சொல்லப்படாத சில நிபந்தனைகள் உண்டு: தண்ணீர் ஓடாமல் நிற்க வேண்டும், அடித்தளம் கெட்டியாக இருக்க வேண்டும், வண்டி மிக மெதுவாகப் போக வேண்டும்.

ஓடும் தண்ணீர் வேறு கணக்கு. அமெரிக்க தேசிய வானிலை சேவை பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் எச்சரிக்கை இது: ஓர் அடி ஆழமுள்ள ஓடும் வெள்ளம் பெரும்பாலான கார்களை அடித்துச் செல்லும்; இரண்டு அடி வெள்ளம் எஸ்யூவி, பிக்கப் வண்டிகளையும் இழுத்துச் செல்லும். இரண்டு அடி என்பது சுமார் 600 மி.மீ. டிஃபெண்டரின் 900-க்கும், தாரின் 650-க்கும் கீழே!

ஏன் இப்படி? வண்டி மிதக்கும் என்பதால். ஒரு பெரிய எஸ்யூவியின் அடிப்பரப்பு தோராயமாக 8.7 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் உள்ளே புகாத வரை, அடித்தட்டுக்கு மேல் ஒவ்வொரு 10 செ.மீ. ஏறும்போதும் சுமார் 870 கிலோ அளவுக்குத் தண்ணீர் வண்டியை மேலே தள்ளும். அப்படியானால் 2,300 கிலோ வண்டி, அடித்தட்டுக்கு மேல் 26 செ.மீ. தண்ணீரிலேயே எடையை இழந்துவிடுகிறது. அதற்கும் முன்பே டயரின் பிடிப்பு போய்விடும். பக்கவாட்டில் இருந்து ஓட்டம் தள்ளினால், நான்கு சக்கரமும் லோ ரேஞ்சும் எதையும் பிடித்து நிறுத்தாது. கதவுகள் நன்றாக அடைபடும் புது வண்டி, பழைய ஜீப்பைவிடச் சீக்கிரம் மிதக்கும் என்பதுதான் இதில் வினோதம்.

நிற்கும் தண்ணீரும் நம்பக்கூடியது இல்லை. 2024 செப்டம்பரில் ஹரியானாவின் ஃபரிதாபாத்தில், மழைநீர் தேங்கிய ரயில்வே சுரங்கப்பாதையில் ஒரு எஸ்யூவி இறங்கி மூழ்கியதில், அதிலிருந்த வங்கி ஊழியர்கள் இருவர் இறந்தனர். மேலிருந்து பார்க்கும்போது சுரங்கப்பாதைத் தண்ணீரின் ஆழம் தெரியாது. ரயில் பாதைகள் பிரியும் ஜோலார்பேட்டை போன்ற ஊர்களில் இது தூரத்துச் செய்தி இல்லை.

டிஃபெண்டரில் தண்ணீரைக் கடக்கத் தனி 'வேட்' முறை இருக்கிறது. அது வண்டியை உயர்த்தி, ஆக்ஸிலரேட்டரை மென்மையாக்கி, வெளிக்காற்று உள்ளே வராமல் நிறுத்தும். கரையேறிய பிறகு பிரேக்கை லேசாக உரசி ஈரத்தைக் காய வைக்கும். மற்ற வண்டிகளில் அதை ஓட்டுநர்தான் செய்ய வேண்டும்: வெளியே வந்ததும் மெதுவாக ஓட்டியபடி இரண்டு மூன்று முறை பிரேக்கை அழுத்துவது. தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுவிட்டால், திரும்ப ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சொகுசு வண்டியில் அந்தச் செலவு ஒரு சின்ன காரின் விலையைத் தொடும்.

மலைக்கிராமங்களில் ஓடுவது எது?

ஆஃப்-ரோடு என்பது வார இறுதிப் பொழுதுபோக்கு இல்லாத இடங்களும் இதே வட்டாரத்தில்தான் இருக்கின்றன. 2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தது. மலைக்குச் சாலை இல்லை. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, தாய் குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு மலை ஏறினார். அதற்கு முந்தைய ஆண்டு, 2022 ஏப்ரல் 2-ஆம் தேதி, திருப்பத்தூர் மாவட்டம் புதூர்நாடு பகுதியில் கோயிலுக்குச் சென்றவர்களின் வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தனர். வாணியம்பாடி அருகே நெக்கனாமலையில் சாலை கேட்டுப் பல ஆண்டுகள் அலைந்த மக்கள், மண் பாதையைத் தாங்களே வெட்டினார்கள்.

இப்படிப்பட்ட பாதைகளுக்கு வேண்டிய வண்டியின் இலக்கணம் டிஃபெண்டரின் விளம்பரத்தில் இருப்பதற்குக் கொஞ்சம் வேறு. குறுகலாக இருக்க வேண்டும், ஏனென்றால் பாதை குறுகல். எடை குறைவாக இருக்க வேண்டும், ஏனென்றால் மழையில் ஊறிய மண் ஓரம் 2,300 கிலோவைத் தாங்காமல் சரியலாம். பழுதானால் திருப்பத்தூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு மெக்கானிக் ஸ்பேனரோடு சரி செய்ய வேண்டும். லேப்டாப் வைத்து மென்பொருளைத் திறக்க வேண்டியது என்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஏற்றி அனுப்ப வேண்டும். லோ ரேஞ்ச் உள்ள நான்கு சக்கர இயக்க ஜீப் வகை வண்டிகள் மலைகளில் இன்னும் மதிப்போடு இருப்பது இதனால்தான். டிஃபெண்டர் 900 கிலோ வரை சுமை ஏற்றும் என்பது நல்ல எண். ஆனால் 2.1 மீட்டர் அகலம் நுழையாத பாதையில் அந்தச் சுமை கழுதை முதுகிலும் தலைச்சுமையிலும்தான் போகும்.

பனப்பாக்கம் ஆலையில் மின்சார வண்டிகளும் திட்டத்தில் இருக்கின்றன. மின்சார மோட்டாரில் திருப்புவிசை முதல் நொடியிலேயே முழுதாகக் கிடைக்கும். சக்கரம் வழுக்கும்போது விசையைத் திருத்த இன்ஜின் வண்டியில் சுமார் 100 மில்லி விநாடி ஆகும் இடத்தில், ரேஞ்ச் ரோவர் எலக்ட்ரிக்கில் 1 மில்லி விநாடி வரை குறைக்கலாம் என்கிறது ஜாகுவார் லேண்ட்ரோவர். அந்த மின்சார வண்டிக்கு நிறுவனம் சொல்லும் தண்ணீர் ஆழம் 850 மி.மீ. அதுவும் நிற்கும் தண்ணீருக்குத்தான்.